பெண்ணுக்குச் சொத்தும் தலைமையும்: தமிழ்நாட்டில் சட்டம் தருவதும் நடைமுறை தடுப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்குரியது என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு உண்டு என்று இங்கே 1989-லேயே எழுதப்பட்டுவிட்டது. ஆனாலும் 2021-இல் அமைந்த சட்டமன்றத்தின் 234 உறுப்பினர்களில் பெண்கள் 12 பேர்தான். பங்கு கேட்ட மகள் பிறந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாத நிலையும் பல ஊர்களில் தொடர்கிறது. இந்த இடைவெளியைப் பற்றிப் பெண்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தர முயல்கிறேன். இது பொதுவான விளக்கம். ஒவ்வொரு குடும்பத்தின் பத்திரங்களும் வேறுபடும் என்பதால், வழக்கு என்று வரும்போது வழக்கறிஞரிடம் ஆவணங்களைக் காட்டிக் கேட்பதே முறை.

பெண்களின் தலைமையைப் பற்றிப் பேசும்போது ஏன் சொத்திலிருந்து தொடங்க வேண்டும்?

தலைமைக்கான வாசல்கள் பலவும் சொத்தின் வழியாகவே திறப்பதால்தான். ஏரிப் பாசனத்தை நிர்வகிக்கும் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களை எடுத்துக்கொள்வோம். 2000-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பாசன முறைமைகளை விவசாயிகள் நிர்வகிக்கும் சட்டப்படி, ஆயக்கட்டில், அதாவது அந்த நீர் பாயும் பரப்பில், நிலம் உடையவர்தான் அந்தச் சங்கத்தின் வாக்குரிமை பெற்ற உறுப்பினர். நாற்று நடுவதும் களை பறிப்பதும் பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை. பட்டா கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருந்தால், மடையை எப்போது திறப்பது என்று முடிவு செய்யும் கூட்டத்தில் அந்தப் பெண்களுக்கு இடமில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் பெறவும் சிட்டாவும் அடங்கலும் வேண்டும். தேர்தல் செலவு, வங்கிக்குக் காட்ட வேண்டிய ஈடு, ஜாமீன்தாரராக நிற்கும் தகுதி என்று எங்கே போனாலும் முதலில் கேட்கப்படுவது ஒரு சொத்து ஆவணம்தான்.

வீட்டுக்குள்ளும் இதே நிலைதான். பினா அகர்வாலும் பிரதீப் பாண்டாவும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், நிலமோ வீடோ தம் பெயரில் இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் கணவரின் அடிக்கு ஆளாகியிருந்தனர். இரண்டும் தம் பெயரில் இருந்த பெண்களிடம் அது 7 சதவீதம். இந்த எண்களை அறிந்த பிறகும், பெண்ணின் சொத்துரிமையை வெறும் குடும்பத் தகராறாகப் பார்ப்பது நியாயமாகாது.

தமிழ்நாட்டில் இந்த உரிமை எப்படி வந்தது?

எளிதில் வரவில்லை. சென்னை மாகாணம் 1921-இல் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தபோதும், ஆண்களுக்கு இருந்த சொத்துத் தகுதியே பெண்களுக்கும் விதிக்கப்பட்டது. தம் பெயரில் சொத்து வைத்திருந்த பெண்கள் மிகச் சிலர் என்பதால், வாக்களிக்க முடிந்தவர்களும் மிகச் சிலரே. சொத்தில்லாததும் அரசியலில் குரலில்லாததும் அன்று சட்டப்படியே ஒன்றாக இருந்தன. அன்றைய சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவராக 1927-இல் முத்துலட்சுமி ரெட்டி அமர்ந்தது அந்தச் சூழலில்தான்.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, ஆண்களைப் போலவே பெண்களுக்கும் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. நாடு விடுதலை பெற்ற பின் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா முடக்கப்பட்டதைக் கண்டு, 1951-இல் அம்பேத்கர் மத்திய அமைச்சரவையிலிருந்து விலகினார். அதன்பின் வந்த 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், தந்தையின் தனிச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தந்தது. பூர்வீகச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமையை ஆண்களுக்கே விட்டுவைத்தது. அந்த வேலியைத் தென்மாநிலங்கள்தான் முதலில் பிரித்தன. கேரளம் 1975-இல் கூட்டுக்குடும்ப உரிமை முறையையே நீக்கியது. ஆந்திரம் 1986-இல் மகளையும் பங்காளி ஆக்கியது. மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது தமிழ்நாடு 1989-இல் திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. இந்திய அளவில் அந்தத் திருத்தம் வரப் பிறகு பதினாறு ஆண்டுகள் ஆயின.

நான் 1989-க்கு முன்பே மணமானவள். எனக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு இல்லை என்று சொல்கிறார்களே?

1989-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படி ஒரு தடை இருந்தது உண்மை. 1989 மார்ச் 25-க்கு முன் திருமணமான மகள்களை அது விலக்கியது. அந்த விலக்கு அன்றைய நடுவயதுப் பெண்கள் ஏறக்குறைய எல்லோரையும் வெளியே நிறுத்தியது. 2005 செப்டம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தத்தில் இந்தத் திருமணக் கட்டுப்பாடு இல்லை. எப்போது மணமாகியிருந்தாலும் மகள் பிறப்பாலேயே பங்குதாரர்.

அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற கேள்வியில் நீதிமன்றங்கள் பல ஆண்டுகள் முரண்பட்ட தீர்ப்புகளை வழங்கின. 2020 ஆகஸ்ட் 11-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, தந்தை அதற்கு முன்பே இறந்திருந்தாலும் மகளின் உரிமை குறையாது என்று முடித்துவைத்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவுசெய்த பத்திரத்தின் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பாணையின் மூலமோ நடந்து முடிந்த பாகப்பிரிவினையையும், அந்த நாளுக்கு முன் நடந்த விற்பனை போன்ற கைமாற்றங்களையும் இப்போது கலைக்க முடியாது. வாய்மொழியாக அப்போதே பிரித்துக்கொண்டோம் என்று அண்ணன் தம்பிகள் சொன்னால், அந்த வாதத்தை எளிதில் ஏற்கக் கூடாது என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது.

அப்படியானால் எனக்கு எவ்வளவு வரும்?

ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். தாத்தா வழியில் வந்த பூர்வீக நிலம் ஆறு ஏக்கர். குடும்பத்தில் அப்பா, அம்மா, ஒரு மகன், ஒரு மகள். அப்பாவைப் பெற்ற பாட்டி இல்லை. அப்பா உயில் எழுதாமல் இறக்கிறார். அப்பா, மகன், மகள் மூவருக்கும் ஆளுக்கு இரண்டு ஏக்கர் என்று முதலில் கணக்கிட வேண்டும். பிறகு அப்பாவின் இரண்டு ஏக்கரை அம்மா, மகன், மகள் மூவரும் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். மகனுக்கும் மகளுக்கும் தலா இரண்டு ஏக்கர் அறுபத்தாறு சென்ட் வரும். அம்மாவுக்கு வருவது அறுபத்தாறு சென்ட் மட்டுமே. மகளுக்காக நடந்த திருத்தம் மனைவியைத் தொடாமல் விட்டுவிட்டது. ஆயுள் முழுதும் அந்த நிலத்தில் உழைத்தவருக்குக் கிடைக்கும் பங்கு இவ்வளவு குறைவாக இருப்பதைப் பற்றி இங்கே போதிய விவாதம் நடக்கவில்லை என்பது என் ஆழ்ந்த வருத்தம்.

அப்பா தம் சம்பாத்தியத்தில் வாங்கிய வீட்டை மகனுக்கு மட்டும் எழுதிவைக்கலாமா?

எழுதலாம். சுயசம்பாத்தியச் சொத்தை உயில் மூலமோ, உயிரோடு இருக்கும்போதே எழுதிக்கொடுக்கும் செட்டில்மெண்ட் மூலமோ விரும்பியவருக்குக் கொடுக்கும் உரிமை உரிமையாளருக்கு உண்டு. பூர்வீகச் சொத்தில் சட்டம் கொடுத்ததைச் சுயசம்பாத்தியச் சொத்தில் அப்பாவின் பேனா எடுத்துக்கொள்ள முடிவது இதனால்தான். உயிலோ வேறு பத்திரமோ இல்லாமல் அவர் இறந்தால் மகன், மகள், மனைவி, தாய் எல்லோருக்கும் சம பங்கு. 1956-க்கு முன்பே இறந்த தந்தையின் சுயசம்பாத்தியத்துக்கும் மகள் வாரிசாக முடியும் என்பதை, தமிழ்நாட்டிலிருந்து சென்ற அருணாசல கவுண்டர் வழக்கில் 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது பெண்கள் ஏன் பங்கு கேட்பதில்லை?

அறியாமை என்று பலரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் அதை முழுதாக ஏற்பதில்லை. இன்று பெரும்பாலான பெண்களுக்குப் பங்கு உண்டு என்பது தெரியும். அதைக் கேட்டால் இழக்கப் போவது என்ன என்பதும் அவர்களுக்குத் தெரியும். தயக்கம் அதிலிருந்துதான் பிறக்கிறது.

ஒரு பெண்ணின் வாழ்க்கையில் பிறந்த வீடு என்பது பழைய உறவு மட்டும் அன்று. மகளின் சடங்குக்கும் காதுகுத்துக்கும் திருமணத்துக்கும் தாய்மாமன் சீர் வர வேண்டும். கணவர் வீட்டில் அடி விழுந்தால் பஸ் ஏறிப் போய் நிற்கப் பிறந்த வீட்டுத் திண்ணை வேண்டும். கணவர் இறந்தால் உடன் நிற்க அண்ணனோ தம்பியோ வேண்டும். அரசு தர வேண்டிய பாதுகாப்பை, புகுந்த வீடு தர வேண்டிய மதிப்பை, இந்த ஓர் உறவுதான் அவளுக்கு ஈடுகட்டுகிறது. அரை ஏக்கருக்காக அதை அறுத்துக்கொள்வதா என்று அவள் தயங்குவது பலவீனம் அன்று. தன் நிலைமையைச் சரியாக எடைபோட்டதன் விளைவு. அந்த எடைபோடலில் தராசின் மறுதட்டு எப்போதும் காலியாக இருப்பதுதான் அநீதி. அண்ணனுக்கு நிலமும் தங்கையின் அன்பும் சேர்ந்தே கிடைக்கின்றன. தங்கை மட்டும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

“உனக்குத்தான் நகை போட்டுக் கட்டிக்கொடுத்தோமே” என்ற வாதத்தையும் நேராகப் பார்க்க வேண்டும். வரதட்சிணை கொடுப்பதும் வாங்குவதும் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதைச் சொத்துப் பங்குக்கு ஈடாகச் சட்டம் கருதுவதில்லை. போட்ட நகை பெரும்பாலும் சில ஆண்டுகளிலேயே கணவரின் தொழிலுக்கோ நாத்தனார் கல்யாணத்துக்கோ அடகுக்குப் போகிறது. நிலம் மதிப்பு ஏறிக்கொண்டே அண்ணனிடம் இருக்கிறது. அதோடு, மகனின் படிப்புக்கும் அவனுடைய திருமணத்துக்கும் ஆன செலவை எந்தப் பாகப்பிரிவினையிலும் எவரும் கழித்துக்கொள்வதில்லை.

விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போட்டால் என்ன ஆகும்?

அந்தச் சொத்தில் உங்கள் பங்கை உடன்பிறந்தவருக்கு முழுதாக விட்டுக்கொடுத்ததாக ஆகும். “வங்கிக் கடனுக்காக”, “பட்டா மாற்றுவதற்காக”, “வெறும் சம்பிரதாயம்” என்றெல்லாம் சொல்லிச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப்போவார்கள். சில குடும்பங்களில் தந்தையின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு இது நடந்துவிடுகிறது. துக்கத்தில் இருக்கும் பெண் பத்திரத்தைப் படித்துப் பார்க்கக் கேட்டாலே பேராசைக்காரி என்ற பெயர் வந்துவிடும். ஆனாலும் படித்துத்தான் ஆக வேண்டும். வேண்டுமென்றே மனமுவந்து விட்டுக்கொடுப்பது உங்கள் உரிமை. என்ன விட்டுக்கொடுக்கிறோம், அதன் இன்றைய மதிப்பு என்ன என்று தெரிந்து விட்டுக்கொடுங்கள்.

ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கிய பத்திரத்தை ரத்துசெய்ய, அது தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். தந்தை உயிரோடு இருக்கும்போதே, அவருடைய சுயசம்பாத்தியத்தில் பின்னாளில் வரக்கூடிய பங்கை விட்டுவிட்டதாக எழுதிக்கொடுத்திருந்தால், இன்னும் கைக்கு வராத உரிமையை எழுதிக்கொடுக்க முடியாது என்று வாதிட இடமுண்டு. அதற்காகப் பணம் பெற்றுக்கொண்டிருந்தால் அந்த வாதம் எடுபடாமல் போகலாம்.

குடும்பத்தாருக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை மிகக் குறைவு. அதற்கு உச்ச வரம்பும் உண்டு. நல்ல நோக்கத்தில் தந்த சலுகைதான். ஆனால் தன் பங்கை விட்டுக்கொடுக்க ஒரு பெண்ணுக்கு ஆகும் செலவையும், அதைக் கேட்டுப் பெற ஆகும் செலவையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறு உண்மை தெரியும்.

பாகப்பிரிவினை வழக்குக்கு எவ்வளவு செலவாகும்?

சொத்து உங்கள் கூட்டு அனுபவத்தில், அதாவது உங்கள் கையிலும் சேர்ந்து, இருக்கிறது என்றால் நீதிமன்றக் கட்டணம் சிறிய நிலையான தொகைதான். அனுபவத்திலிருந்து உங்களை விலக்கிவிட்டார்கள் என்றால், உங்கள் பங்கின் சந்தை மதிப்பில் மூன்று சதவீதம் கட்ட வேண்டும். 2017 வரை அது ஏழரை சதவீதமாக இருந்தது. பங்கு 40 லட்சம் ரூபாய் பெறும் என்றால் கட்டணம் மட்டும் 1,20,000 ரூபாய். சொத்தே இல்லாமல் வெளியே நிறுத்தப்பட்டவரிடம், அந்தச் சொத்தின் மதிப்பைக் கணக்கிட்டுக் கட்டணம் கேட்கிறது சட்டம். உரிமைக்கு முன்னால் நிற்கும் பொருளாதாரத் தடைக்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

இதற்குச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, பெண்கள் எவராயினும் வருமான வரம்பு ஏதுமின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். வழக்கறிஞர் கட்டணத்தோடு நீதிமன்றக் கட்டணமும் அந்த உதவியில் அடங்கும். வட்டச் சட்டப் பணிகள் குழு உங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். மாதச் சம்பளம் வாங்கும் பெண்கள் தங்களுக்கு இது கிடைக்காது என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள், கிடைக்கும்.

நாள் கணக்கையும் மறக்கக் கூடாது. கூட்டுக்குடும்பச் சொத்திலிருந்து விலக்கிவைக்கப்பட்டது உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகள்தான் கெடு.

இஸ்லாமிய, கிறிஸ்தவப் பெண்களுக்கு என்ன நிலை?

இஸ்லாமிய வாரிசுரிமைப்படி மகனின் பங்கில் பாதி மகளுக்கு உண்டு. அதை உயிலால் முழுதாகப் பறித்துவிடவும் முடியாது. 1937-ஆம் ஆண்டின் ஷரியத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கிவைத்திருந்தது. சென்னை மாகாணம் 1949-இல் அந்த விலக்கை நீக்கியதால், இங்கே வயலிலும் பெண்களுக்குப் பங்கு உண்டு.

கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அதில் மகனுக்கும் மகளுக்கும் வேறுபாடு இல்லை. பழைய திருவிதாங்கூர்ச் சட்டமோ மகனின் பங்கில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுதான் மகளுக்கு என்று வைத்திருந்தது. 1956 வரை அந்தப் பகுதியோடு இருந்த கன்னியாகுமரி மாவட்டத்துக் குடும்பங்களுக்கு இது நன்கு தெரிந்த வரலாறு. 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் 1 முதலே அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

நான் சம்பாதித்த சொத்து எனக்குப் பின் யாருக்குப் போகும்?

குழந்தைகளோ கணவரோ இருந்தால் அவர்களுக்கு. இல்லையென்றால், உயில் எழுதாத இந்துப் பெண்ணின் சுயசம்பாத்தியம் அவருடைய தாய் தந்தைக்குப் போகாது. முதலில் கணவரின் வாரிசுகளுக்கே போகும். பெற்றோரிடமிருந்து வாரிசுரிமையாக வந்த சொத்துக்கு விதிவிலக்கு உண்டு. உழைத்துச் சேர்த்ததற்கு இல்லை. நாராயணி தேவி என்ற பெண் 1955-இல் திருமணமான மூன்றே மாதங்களில் கணவரை இழந்து, புகுந்த வீட்டாரால் வெளியேற்றப்பட்டு, பெற்றோர் படிக்க வைக்க வேலைக்குப் போய்ச் சேமித்தவர். அவர் இறந்தபின் அந்தச் சேமிப்பைக் கணவருடைய சகோதரியின் பிள்ளைகளுக்கு அளிக்க நேர்ந்ததை, 2009-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே பதிவுசெய்திருக்கிறது. ஓர் ஆண் இறந்தால் அவருடைய சொத்து மனைவியின் அண்ணனுக்குப் போக வேண்டும் என்று எந்தச் சட்டமாவது சொல்லுமா? இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் இந்த 15-ஆம் பிரிவு மாற்றப்பட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அதுவரை, சம்பாதிக்கும் ஒவ்வொரு பெண்ணும் உயில் எழுதிவைப்பதே காப்பு. வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, அவர்களும் ஒப்பமிட்டாலே அது செல்லும். பதிவுசெய்வது கூடுதல் பாதுகாப்பு.

நான் விவசாய வேலை முழுவதையும் செய்கிறேன். அரசுக் கணக்கில் நான் விவசாயியா?

நிலம் உங்கள் பெயரில் இல்லையென்றால் பெரும்பாலும் இல்லை. 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சாகுபடி நில உடைமைதாரர்களில் பெண்கள் ஏறத்தாழ 14 சதவீதம். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் திட்டமும் நிலப் பதிவேட்டில் உள்ள பெயரைப் பார்த்தே வருகிறது. வெள்ள நிவாரணமும் பயிர்க் காப்பீடும் நிலத்துக்கான ஆவணத்தையே கேட்கின்றன. பட்டியல் சாதி, பழங்குடியினரில் நிலமற்ற வேளாண் கூலிப் பெண்கள் நிலம் வாங்க, 50 சதவீத மானியத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரை தாட்கோ (ஆதிதிராவிடர் வீட்டுவசதி மற்றும் மேம்பாட்டுக் கழகம்) வழியாகத் தரும் நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம் இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல், பத்து லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது. நல்ல தொடக்கங்கள்தான், இருக்கும் குடும்ப நிலத்திலேயே மனைவி பெயரையும் சேர்த்துக் கூட்டுப் பட்டா வழங்குவதை வழக்கமாக்கினால் பலன் இன்னும் பெரிதாக இருக்கும் என்பது என் கருத்து.

சுயஉதவிக் குழுக்களும் உரிமைத் தொகையும் போதாதா?

1989-இல் தருமபுரியில் தொடங்கிய குழுக்கள் இல்லையென்றால், ஊராட்சி மன்றங்களில் அமர்ந்திருந்த பல பெண்கள் பொது மேடைக்கே வந்திருக்க மாட்டார்கள். தீர்மானம் எழுதவும், வங்கி மேலாளர் எதிரில் உட்கார்ந்து பேசவும், கணக்குக் கேட்கவும் அவர்கள் கற்றது அங்கேதான். 2023 செப்டம்பர் 15 முதல் மாதம் ஆயிரம் ரூபாய் தம் கணக்கிலேயே வருவதையும் நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் குழு தருவது கடன். அதைத் திருப்பிக் கட்டும் பொறுப்பு பெண்ணுடையது. அந்தப் பணத்தில் வாங்கிய ஆட்டோவோ போட்ட போர்வெல்லோ பல வீடுகளில் கணவர் பெயரில் நிற்கிறது. கடன் அவள் பேரிலும் சொத்து அவர் பேரிலும் இருக்கும்வரை, அதைப் பொருளாதார வலிமை என்று சொல்ல மாட்டேன்.

தொழிற்சாலை வேலை பெண்களை முன்னேற்றவில்லையா?

வருமானம் தந்தது, மேலே போகும் படி குறைவு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் பெண்களுக்கு இரவு வேலையைத் தடைசெய்தது. அந்தப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-இல் ரத்துசெய்து, பாதுகாப்பு நிபந்தனைகளோடு அனுமதித்தது. பாதுகாப்பு என்ற பெயரில் போடும் தடை வாய்ப்பையும் சேர்த்தே பறிக்கும் என்பதற்கு அது பாடம். 2017 முதல் மகப்பேறு விடுப்பு 26 வாரங்கள் ஆயிற்று. அந்தச் சம்பளச் சுமை முழுவதும், ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டின் சம்பள வரம்புக்கு மேற்பட்ட ஊழியர்களைப் பொறுத்தவரை, முதலாளி தலையிலேயே விழுகிறது. அதனால் இளம் பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயங்கும் நிறுவனங்கள் உருவாகின்றன. செலவை அரசும் சமூகக் காப்பீடும் பகிர்ந்துகொள்ளாதவரை அந்தத் தயக்கம் போகாது.

ஊராட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு இருந்தும் தலைமை ஏன் அவர்களிடம் இல்லை?

1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் மூன்றில் ஒரு பங்கு தந்தது. தமிழ்நாடு 2016-இல் அதைப் பாதியாக உயர்த்தியது. ஆனால் அதே 2016-இல் நடக்க வேண்டிய தேர்தல், ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பரில்தான் 27 மாவட்டங்களில் நடந்தது. ஒன்பது மாவட்டங்கள் 2021 வரை காத்திருந்தன. அந்த 27 மாவட்டங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பதிலாக நிர்வகிக்கும் தனி அலுவலர்கள் மீண்டும் வந்தார்கள். தேர்தலே நடக்காத ஆண்டுகளில் பாதி இடம் என்பது தாளில் மட்டுமே இருக்கிறது.

தேர்தல் நடந்த இடத்தில் அடுத்த தடை பணம். தலைவர் பதவியைக் கோவில் திருப்பணிக்கென்று ஏலம் விடும் சட்டவிரோத வழக்கம் சில ஊர்களில் இன்னும் ஒழியவில்லை. சொத்தில்லாத பெண் அந்த ஏலத்தில் கைதூக்கவே முடியாது. அவர் பெயரில் வேறொருவர் பணம் கட்டினால், பதவியும் பணம் கட்டியவருடையதாகிவிடுகிறது.

வென்று வந்த பின் காசோலை. கிராம ஊராட்சியின் செலவுகளுக்குத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து ஒப்பமிட வேண்டும். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊரின் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த துணைத் தலைவர் கையெழுத்துப் போட மறுத்தால், தூய்மைப் பணியாளர் சம்பளம்கூட நிற்கும். கெட்ட பெயர் தலைவருக்கு வரும். பட்டியல் சாதிப் பெண் தலைவர்கள் பலமுறை முறையிட்டது இந்த ஒரு விதியைப் பற்றித்தான். ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியர் தலையிட்டு மாற்று ஏற்பாடு செய்யலாம். அந்த மனு நகரும் வரை ஊரில் எந்த வேலையும் நகராது. முறைகேட்டைத் தடுக்க வந்த இரட்டைக் கையெழுத்தை, குறித்த நாட்களுக்குள் எழுத்தில் காரணம் சொல்லாமல் மறுத்தால் தலைவர் மட்டுமே ஒப்பமிடலாம் என்று திருத்துவது கடினமான செயல் அன்று.

எல்லாவற்றுக்கும் மேலே உயிர் அச்சம். மதுரை வில்லாபுரத்தில் குடிநீர்க் குழாய்க்காகப் போராடிய மாமன்ற உறுப்பினர் லீலாவதி 1997 ஏப்ரல் 23-இல் வெட்டிக் கொல்லப்பட்டார். திருநெல்வேலி மாவட்டம் தாழையூத்து ஊராட்சித் தலைவராக இருந்து, பெண்களுக்கான கழிப்பறைக்காக முயன்ற கிருஷ்ணவேணி, 2011 ஜூனில் கொடூரமாக வெட்டப்பட்டு உயிர் தப்பினார். இவர்கள் கேட்டது குடிநீரும் கழிப்பறையும். மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் எஸ்தர் டுஃப்லோவும் ராகவேந்திர சட்டோபாத்யாயவும் செய்த ஆய்வு, பெண் தலைவர்கள் உள்ள ஊராட்சிகள் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவிட்டதை 2004-இல் காட்டியது. அந்தத் தண்ணீருக்குப் பின்னால் யாருடைய வருமானம் நிற்கிறது என்பதும் வில்லாபுரத்தில் தெரிந்தது.

தலைவரின் கணவரே நிர்வாகம் செய்தால் என்ன செய்வது?

கிராம சபைக் கூட்டத்தில் தலைவர் இருக்கையில் அவர் அமர்வதை எதிர்க்கவும், அதைத் தீர்மானப் புத்தகத்தில் பதிய வற்புறுத்தவும் எந்த வாக்காளருக்கும் உரிமை உண்டு. அதைவிட முக்கியம், அதிகாரிகள் கணவரின் கைபேசிக்கு அழைப்பதை நிறுத்துவது. முதல் முறை பதவிக்கு வந்த பெண்ணை அலுவலகமே ஒதுக்கிவிட்டு, அவருக்குத் திறமை இல்லை என்று சொல்வது பெரும் அநியாயம்.

நாடாளுமன்றத்தில் மூன்றில் ஒரு பங்கு எப்போது?

முதல் மசோதா 1996 செப்டம்பரில் வந்தது. 2010 மார்ச்சில் மாநிலங்களவையில் நிறைவேறி மக்களவையில் காலாவதியானது. 2023 செப்டம்பரில் 106-ஆவது திருத்தமாகக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றபோது, மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் நடக்கும் தொகுதி மறுவரையறையோடு அது முடிச்சுப் போடப்பட்டது. 2024 தேர்தலில் 543 இடங்களில் 74 பெண்கள் வென்றார்கள். சட்டத்துக்காகக் காத்திராமல் வேட்பாளர் பட்டியலில் மூன்றில் ஒரு பங்கு தர எந்தக் கட்சிக்கும் தடையில்லை.

பங்கு கேட்பது என்று முடிவு செய்துவிட்டேன். முதலில் என்ன செய்ய வேண்டும்?

சண்டையில் தொடங்காதீர்கள், ஆவணங்களில் தொடங்குங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் சொத்தின் வில்லங்கச் சான்றிதழை எடுத்து, ஏற்கெனவே பாகப்பிரிவினையோ செட்டில்மெண்டோ பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டா, சிட்டா நகல்களை எடுத்துவையுங்கள். தந்தை இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழும், வட்டாட்சியரிடமிருந்து வாரிசுச் சான்றிதழும் வேண்டும். வாரிசுச் சான்றிதழில் மகள்களின் பெயரை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் மோசடி என்பதால், உங்கள் பெயர் இருக்கிறதா என்று நீங்களே சரிபாருங்கள். உங்களைக் கேட்காமல் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்திருந்தால் வட்டாட்சியரிடம் எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். பிறகு அக்கா தங்கைகளோடு பேசுங்கள். ஒருவர் தனியாகக் கேட்டால் அவர் கெட்டவர் ஆகிறார், எல்லோரும் சேர்ந்து கேட்டால் அது பாகப்பிரிவினை ஆகிறது. அம்மாவின் பங்கையும் சேர்த்துக் கேளுங்கள். உடன்பட்டால் பதிவுசெய்த பத்திரமாக எழுதுங்கள். உடன்படாவிட்டால் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பிவிட்டு, மேற்சொன்ன ஆவணங்களோடு வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்குச் செல்லுங்கள். வழக்கு நிலுவையில் இருக்கும்போது யாராவது அந்தச் சொத்தை விற்றால், வாங்கியவரும் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவரே.